பதினொரு கதவுகள்

ஜூன் 4

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தபால்காரர் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டிதான் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். நம் பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கக் கூடாது, நினைவுச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறாய். அறுபது வயதுக் கட்டடத்துக்கே பலகை மாட்டுவதென்றால், எண்பத்தேழு வயது எனக்கு நெற்றியிலேயே ஆணி அடிக்கலாம்.

கதவு செய்த தச்சன் உயிரோடு இருக்கிறான், அவனிடம் நாலு வரி வாங்கு என்று உன் குழுவில் கேட்கிறார்களாம். தர மாட்டேன். என்னைக் கேட்டால் இடித்துவிடு. பள்ளிக்கூடத்துக்கு உள்பக்கம் திறக்கிற கதவு வைத்த அந்த இன்ஜினியரை நானும் தையல்காரரும் திட்டாத சாயங்காலம் கிடையாது. புகை கிளம்பிய அன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் ஓடிவந்து கதவில் சாய்ந்தார்கள். கதவு உள்ளே வந்தால்தானே திறக்கும்? எங்கே வரும்? வெளியிலிருந்து நான் பலகையைப் பிளந்தேன். நீ வந்தாய். உன் பெஞ்சுக்காரி, தையல்காரர் மகள், வரவில்லை. நாற்பத்துநாலு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் அங்கே வகுப்பு நடக்கிறது. பிளந்த பலகையை மட்டும் மாற்றி, அதே கதவுகள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா
(இடது பெருவிரல் ரேகை)

"இவ்வளவு கோபம் வேணுமா அண்ணே?" என்று கேட்டேன். "எழுதுய்யா, பாதிதான் சொல்லியிருக்கேன்" என்கிறார். – தபால்காரர்

ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் மறந்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? இன்றும் எந்த அறைக்குள் போனாலும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆனால் அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான். இடித்தால் அங்கே வண்டிகள் நிறுத்துவார்கள். எனக்கு மனசு வரவில்லை அப்பா.

கோபம் ஆறட்டும் என்று ஒன்று அனுப்பியிருக்கிறேன். பழைய கோப்புக் கட்டுகளுக்குள் உங்கள் கதவுகளின் வரைபடம் கிடைத்தது. நகல்தான். நீங்கள் கையில் பிடித்து வேலை செய்த தாள். பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

உங்கள் மகள்

ஜூன் 21

மகளே,

தாளை விரித்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கதவின் முகம், மேலே பூவேலை, கீழே மூன்று சட்டம், ஒரு கோடு மாறவில்லை. ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அன்றும் அது அங்கேதான் இருந்தது. "இதுல என்னய்யா போட்டிருக்கு?" என்று இவரைக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: "வகுப்பறைக் கதவுகள் பதினொன்றும் வெளிப்புறம் திறக்க வேண்டும்." இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எல்லாம் இதுல இருக்கு மேஸ்திரி" என்று கொடுத்துவிட்டுப் போனார் அந்த இன்ஜினியர். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. என் கீழ் எட்டுப் பேர், பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். கோடு எனக்குப் புரியும். எழுத்தைப் படித்துச் சொல்லு என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். சிரித்துவிடுவார்களே என்று கேட்கவில்லை. வீட்டுக்குக் கதவு உள்ளேதானே திறக்கும், அப்படியே மாட்டினேன்.

நாலு நாளாக வீட்டில் இருக்கிற கதவுகளையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். "என்ன மாமா, கீல் போச்சா?" என்கிறாள் உன் அண்ணி. தையல்காரர் வழக்கம்போல வந்து உட்கார்ந்து இன்ஜினியரைத் திட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

அப்பா
(ரேகை)

ஜூன் 29

அப்பா,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பே பார்த்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டேன். குழுவில் வேறு யாரும் கவனிக்கவில்லை.

நினைவுச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் கதவுகளில் கை வைக்க முடியாது. மூல வரைபடத்தில் உள்ளபடி திருத்த மட்டும் அனுமதி உண்டு. ஆனால் கதவுகள் ஏன் மாறிப்போயின என்று எழுத்தில் கேட்பார்கள். உங்களை நான் எப்படி அப்பா எழுதிக் கொடுப்பேன்? வரைபடத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். தையல்காரர் மாமாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். இந்த வயதில் அவருக்கு இது எதற்கு? ஜூலை பதினெட்டாம் தேதி மனு மீதான விசாரணை முடிந்துவிடட்டும்.

உங்கள் மகள்

ஜூலை 8

மகளே,

சொல்லிவிட்டேன். தையல்காரர் ஒரு சட்டைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். அது முடிகிறவரை மிஷினை நிறுத்தவில்லை. பிறகு, "இத்தனை வருஷமா என்கூட உக்காந்து அந்தாளைத் திட்டுனியே" என்றார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். "எதிர்லதான் உன் பட்டறை. இதே கடையிலதான் நான் இருந்தேன். படிக்கத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் படிச்சுக் காட்டியிருப்பேனே?" ஐந்து நாளாகக் கடை சாத்தியிருக்கிறது. சாயங்காலம் அவர் வருவதில்லை.

வரைபடத்தைத் திரும்பக் கோப்பில் வை. இதையும் சேர்த்து வை: கதவுகளைத் தப்பாக மாட்டியவன் நான். படிக்கத் தெரியாததை மறைத்தேன். தச்சன் ஒருவன் என்று எழுதி மழுப்பாதே. என் பெயர் போடு. உன் அப்பா என்றும் போடு. நீ மறைத்தால் பிள்ளைகள் அந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள், இந்தத் தடவை தெரிந்தே. எட்டுக் கதவுகளை அப்படியே திருப்பி மாட்டலாம். மற்ற மூன்றுக்கு நிலைச்சட்டம் வெடித்திருக்கும், புது நிலை வேண்டும். முதலில் மூன்றாம் வகுப்பைச் செய்யச் சொல்.

விசாரணைக்கு நானும் வருகிறேன். தேதி என்ன என்று தையல்காரர் இவரிடம் கேட்டாராம். அதே பஸ்ஸில்தான் வருவார் போலிருக்கிறது. கதவைத் திருப்பு என்பாரோ, கட்டடத்தை இடி என்பாரோ, என்னைத்தான் சொல்வாரோ, தெரியாது. அவர் பேசும்போது நீ குறுக்கே பேசாதே, கண்ணு. முழுசாகப் பேசி முடிக்கட்டும்.

அப்பா
(ரேகை)