பச்சைப் பூவின் பெயர் அட்டை

1998 மார்ச் 14, சனி

நாற்பது தொட்டி ஹைட்ரேஞ்சியாப் பூச்செடியையும் பிடுங்கி எரித்தேன். குளித்தும் கையில் புகை நாற்றம் போகவில்லை.

போன வருடம் தேயிலை எஸ்டேட் துரையின் பங்களாத் தோட்டத்தில் ஒரே ஒரு செடிதான் கெட்டிருந்தது. நீலமாய்ப் பூக்க வேண்டிய கொத்து பச்சையாய்ப் பூத்தது. பூவுக்கு நடுவிலிருந்து குட்டி இலை வேறு முளைத்திருந்தது. "இது சீக்குங்க தொரசாணி, புடுங்கி எரிச்சிடுவோங்க" என்றேன். துரையின் மனைவி சிரித்தார்.

"உனக்கு என்னா தெரியும் ராமையா? இது புது ஜாதி. கிளைய வெட்டி எல்லாத் தொட்டியிலயும் நடு."

நட்டேன். அந்தப் பூவுக்குத் தன் பெயரையே வைத்து, தொட்டிக்கு ஓர் அட்டையாக எழுதித் தந்தார். அதையும் நான்தான் குத்தினேன். வருகிற ஏப்ரல் மலர்க் கண்காட்சியில் முதல் பரிசு தனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று நுவரெலியாவிலிருந்து விவசாய அதிகாரி வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். "இது பைட்டோபிளாஸ்மா எண்ட கிருமி. செடியின்ர சாறுக்குள்ள ஓடும். மருந்தில்லை, எரிக்கத்தான் வேணும். நோய் பிடிச்ச செடியில ஆர் கிளை வெட்டி நட்டது?" என்று கேட்டார்.

"தோட்டக்காரன்தான்" என்றார் துரைசாணி, கண்ணைக்கூட இமைக்காமல்.

உண்மையைச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது; மண்ணெண்ணெய் எடுக்கப் போனேன்.

நெருப்பு வைக்கும் முன் துரைசாணியே இறங்கி வந்து தன் பெயர் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாற்பதையும். அந்தத் தோட்டத்தில் அவர் குனிந்து ஒரு வேலை செய்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.