பாதிக் கதவுக்கு மேலே மாமா

1961 ஜூன் 3, சனி

மிஸ்டர் கோ புகைப்பட வகுப்பில் இன்று இரண்டு வேலை கொடுத்தார்: ஒரு மனிதரின் முகம், ஒரு கட்டடம். முகத்தில் கட்டடம் வேண்டாம், கட்டடத்தில் மனிதர் வேண்டாம். இரண்டும் தேறினால்தான் அடுத்த தவணையில் படம் கழுவக் கற்றுத்தரும் இருட்டறை வகுப்பில் இடம்.

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தேறாவிட்டால் கேமராவை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிடு, மாப்பிள்ளை பார்க்கிறேன் என்றாள். சேதுபதி மாமா அம்மாவின் தம்பி. கிளைவ் ஸ்ட்ரீட்டில் மாவு மில் வைத்திருக்கிறார். தாய்மாமன் சரி சொல்லாமல் எங்கள் வீட்டில் படிப்பும் நடக்காது, கல்யாணமும் நடக்காது. அவர் முகத்தையே எடுத்துவிட்டால் என்ன? காக்கா பிடிப்பதில் எனக்கு வெட்கமில்லை.

ஜூன் 11, ஞாயிறு

நான் கேட்டது மிளகாய்த்தூள் படிந்த, தினமும் பார்க்கிற மாமாவை. வந்து நின்றதோ கோட்டும் டையும் அரை டப்பா பவுடருமாக வேறு யாரோ. கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனதும் பதறிவிட்டார்.

"கால் தெரியுதா?"

"முகம் மட்டும்தான் மாமா."

"அதெல்லாம் வேணாம்லா. பாதி ஆளா எடுத்தா ஆயுசும் பாதியாப் போயிரும். பின்னாடி போ."

போனேன். ஷூ வந்தது. மில் பெயர்ப்பலகை வரவேண்டாமா என்றார். இன்னும் போனேன். மாடி ஜன்னலுக்குப் போன வருஷம்தான் பச்சை அடித்தாராம், அதுவும் வேண்டுமாம். எதிர்வரிசைச் சுவரில் என் முதுகு இடித்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

ஜூன் 17

மிஸ்டர் கோ படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், மனிதர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். நிலக்கடலை அளவில் இருந்தார்.

ஜூன் 18, ஞாயிறு

கட்டடமாவது உருப்படும் என்று சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். கேமராவை வெளியில் எடுத்ததும் தெருவே தலைவாரிக்கொண்டு வந்து நிற்கிறது. பால்காரரைப் பசுவை நகர்த்தச் சொன்னால், அதை நடுவில் நிறுத்தித் தானும் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரையும் திட்டவும் முடியவில்லை. எல்லாரும் அவ்வளவு ஆசையாகச் சிரிக்கிறார்கள்.

மாமாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். மில் வாசலில் பூவேலை செய்த பாதிக் கதவு ஒன்று உண்டு — மேலேயும் இடைவெளி, கீழேயும் இடைவெளி. அதையே எடுத்துக்கொள், உள்ளேயிருந்து யாரும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேலை உடுப்பில்தான் இருந்தார். வெளிச்சம் சரி, தூரம் சரி. பொத்தானை அழுத்தினேன் — கதவுக்கு மேலே ஒரு தலை.

"எடுத்துட்டியா? ஒருத்தரையும் விடல பாரு."

சுருளில் அதுதான் கடைசிப் படம். மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 21

படம் கழுவி வந்தது. மூக்கு நுனியில் மாவு, புருவத்தில் மிளகாய்த்தூள், தும்மலுக்கு முந்தின சிரிப்பு. இதுதான் எங்கள் மாமா. பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது. ஆனால் கட்டடத்துக்கு எங்கே போவேன்?

ஜூன் 24

செய்துவிட்டேன். மில் படத்தின் பின்னால் 'கட்டடம்' என்றும் கதவுப் படத்தின் பின்னால் 'முகம்' என்றும் எழுதிக் கொடுத்தேன். மிஸ்டர் கோ மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அந்த நிலக்கடலையைத் தொட்டு, உயரம் தெரிய ஓர் ஆளை நிறுத்தியது நல்ல யோசனை என்றார். இரண்டும் தேறிவிட்டன. முகத்தைப் பெரிதாக்கிக் கண்காட்சியில் மாட்டுவாராம். அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னார்.

சந்தோஷம் பஸ் நிறுத்தம் வரைதான். அந்தப் படத்தில் மாமா பாதி ஆள். கோபித்துக்கொண்டு அம்மா பக்கம் சாய்ந்துவிட்டால்?

ஜூன் 28

மில் இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 1, சனி

மாமா கோட்டு போட்டு வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து சட்டத்துக்கு அடியில் தேடினார்.

"கால் எங்க சுந்தரி?"

"கதவுக்குப் பின்னாடி இருக்கு மாமா. கதவுதான் மறைச்சிருக்கு, நான் வெட்டல."

அவர் கதவு. அதன்மேல் எப்படிக் கோபப்படுவார்? ஆனால் பஸ்ஸில் வீடு வரை குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

காலையில் மாமா ஆளனுப்பினார். போனால் முகப் படம் மில் சுவரில் தொங்குகிறது. அவர் பாதிக் கதவுக்குப் பின்னால் புது ஷூவோடு நிற்கிறார். கதவுக்குக் கீழே தெரிகிற காலை மட்டும் எடுக்க வேண்டுமாம். முகத்துக்கு நேர் கீழே மாட்டினால் ஆள் முழுசு, ஆயுசும் முழுசு.

கூடவே வந்த அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

"இரு அக்கா. முகமும் காலும் ஒரே அளவுல வரணும். இவ இருட்டறையில அதக் கத்துக்கட்டும், அப்புறம் பாப்போம்."

தெருவில் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்தேன். வலது ஷூவில் நாடா அவிழ்ந்து கிடந்தது. நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லட்டும்; அதற்கடுத்த தவணைக்கும் ஒரு காரணம் வேண்டாமா?