மண்சரிவுக்குள் ஒரு அடுப்பு

ஐப்பசி, வியாழன் இரவு. குன்னூர்.

இன்று சோறு இறங்கவில்லை. போன வார மழையில் சரிந்த எஸ்டேட் மேட்டில் ரோடு போடுகிறார்கள். வெட்டிய மண்சுவரை அடுக்கு அடுக்காக அளந்து எழுதுவது என் வேலை. மேலே இரண்டடி கறுப்பு மண், அதன் கீழே செம்மண், அடியில் வழுக்கும் வெள்ளைக் களிமண். செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் நடுவே நொறுங்கிய ஓடுகளும் கரி படிந்த அடுப்பும் நீட்டிக்கொண்டிருந்தன.

மண் சுமந்துகொண்டிருந்த ராக்கம்மா கூடையைப் போட்டுவிட்டாள். “ஏனுங்க, இது எங்க அக்கா ஊட்டு அடுப்புங்க! ராவோட ராவா ஓடிட்டாங்கன்னு தொரை சொன்னாருங்களே!”

குதிரைமேல் இருந்த எஸ்டேட் துரை பிண நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். “குப்பை மண்ணுன்னு எழுது. வேலை நடக்கட்டும்.”

 அளவு நாடாவை வீசிவிட்டு, “தோண்டுங்க” என்று ஆட்களிடம் சொன்னேன். துரை கத்தியும் யாரும் நிறுத்தவில்லை. இருட்டுவதற்குள் நான்கு பேரின் உடல்களை வெளியே எடுத்தோம். ராக்கம்மா தன் அக்காவின் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

சற்று முன் பங்களா ஆள் வந்தான். அளவு நாளைக்கு முடிந்துவிடுமா என்று துரை கேட்டாராம். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவைச் சாத்திவிட்டேன். அந்தத் துரை கொடுக்கும் சோறு இனி எனக்கு வேண்டாம்.