இருபது பேர் பட்டியல்

20 ஜனவரி 2025, திங்கள்

கடையில் இருமல் மருந்து கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். பனி விட்டபாடில்லை. மதியம் செஞ்சிலுவைச் சங்கச் செயலர் முருகானந்தம் சார் கடைக்கே வந்துவிட்டார். இன்னொரு பெருந்தொற்று வந்தால் எங்கள் கிளை என்னென்ன செய்யும் என்று திட்டம் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஒத்திகையும் உண்டாம்.

"பிரபாம்மா, நீங்க மருந்துக்கடை வெச்சிருக்கறவங்க, எழுத்தும் நல்லா வரும். இந்த எறப்பு, அடக்கம் வர்ற பகுதிய மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

முகக்கவசத்துக்கு ஆள் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு ஆள் இருக்கிறது. மிச்சம் இருந்தது அதுதான். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

21 ஜனவரி

சௌந்திரம் அக்கா என்னோடு பேசி மூன்று வருடம் எட்டு மாதம்.

26 ஜனவரி, ஞாயிறு

அக்கா வாட்ஸ்அப்பில் படத்தை மாற்றியிருக்கிறாள். பனமரத்துப்பட்டித் தோட்டத்தில் அரளிச் செடிகளுக்கு நடுவே நிற்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போது போட்டாள்? தூரப் பார்வையா, கிட்டப் பார்வையா? கூடப்பிறந்தவளுக்குக் கண் மங்கிய சங்கதி எனக்குப் படம் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து மெலிந்திருக்கிறது. பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

நாமகிரிப்பேட்டையில் பள்ளிக்கூட மைதானத்தில் முதல் ஒத்திகை. வைக்கோல் திணித்த பொம்மையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினோம். சொந்தக்காரர்களாக நடிக்கப் பதினைந்து பேர். ஐந்து பேரை மட்டும் விடு என்பது உத்தரவு. நடிக்க வந்தவர்கள் நடிக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள். பங்காளி வேஷம் கட்டியவர் முன்னால் போய் நின்றுகொண்டார். தாய்மாமன் வேஷக்காரருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏனுங்க, எனக்கு மருவாதி இல்லாம எப்பிடிங்க எடுப்பீங்க?" என்று நிஜமாகவே சண்டைக்கு வந்தார். வைக்கோல் பொம்மைக்கு இவ்வளவு உறவு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மகளாக நடித்த பெண் கடைசியில் கைகட்டி நின்றாள். "நான் எப்பங்க அக்கா போறது?" என்று என்னைக் கேட்டாள். குடிநீர்க் குழாய்ப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

3 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன்.

2021 மே மாதம் அப்பா கொரோனாவில் போனார். அம்மா முன்பே போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் நேராக மயானத்துக்குத்தான் வரும், இருபது பேருக்கு மேல் கூடாது என்றார்கள். நான் அப்போது ஊர்த் தன்னார்வலர். யார் யார் உள்ளே போகலாம் என்று பெயர் எழுதும் வேலையும் வாசலில் நின்று சரிபார்க்கும் வேலையும் என்னுடையவை. சொந்த அப்பாவுக்கு வேறு யாரையாவது நிற்கச் சொல்லியிருக்கலாம். பயந்துகொண்டு யாரும் வரவில்லை. நானும் பெரிய வீராங்கனை அல்லவா.

எங்கள் பக்கத்து முறைப்படியே எழுதினேன். முதலில் பங்காளிகள், அப்புறம் மாமன் மச்சான். கடைசியில் சம்பந்தி வீடு; கோடித்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டியவர்கள். அவர்களுக்கு இரண்டு பெயர்: அக்காவின் மாமனார், அக்கா புருஷன் பச்சமுத்து மச்சான். போர்த்த விடமாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதினேன், முறை விட்டுப்போகக் கூடாதே என்று. எண்ணிப் பார்த்தால் சரியாக இருபது.

கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை எழவில் தனியாக யாரும் சொல்வதில்லை. புருஷன் வீட்டுக் கூட்டத்தோடு அவளும் வந்துவிடுவாள். என்றைக்கும் அப்படித்தான். அன்றைக்குக் கூட்டம் வராது, இருபதோடு கதவு மூடிவிடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. என் பெயரும் பட்டியலில் இல்லை. மேலே போட்டிருந்த தன்னார்வலர் சட்டை என்னை உள்ளே விட்டது.

அக்கா வாசலில் வந்து நின்றாள். "என்ற பேருக்குப் பதிலா அவள உடு அம்மிணி, நான் வெளிய நின்னுக்கறேன்" என்றார் மச்சான். "பேரு இருக்கறவங்க மட்டுந்தான் மச்சான்" என்றேன். அதற்கு முன்னால் நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். என் அக்காவை மட்டும் விட்டால் ஊர் என்ன சொல்லும்? அக்கா "பிரபா, பிரபா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி அப்பா முகத்தை அரை நிமிடம் காட்டியிருக்கிறார்கள். நான் அப்போது வாசலில் அக்காவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போனபோது மூடிவிட்டார்கள். இன்னொரு தடவை திறக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

நானும் அப்பாவைப் பார்க்கலைக்கா. எத்தனையோ தடவை போனை எடுத்திருக்கேன், இதைச் சொல்லத்தான். உன்னை வெளிய நிறுத்திட்டு நானும் பாக்கலைன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

6 பிப்ரவரி

மல்லசமுத்திரத்திலிருந்து மருந்து வண்டி வரவில்லை. கடையை ஒழுங்குபண்ணினேன். வேறு ஒன்றும் இல்லை.

13 பிப்ரவரி, வியாழன்

கொரோனா சமயத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களைக் கேட்டு எழுதாமல் திட்டம் போடக் கூடாது என்பது முருகானந்தம் சார் உத்தரவு. அதற்காக எங்கள் கிளையின் செல்லியம்மாள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, அவரவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். முப்பத்தொரு தாள். தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்தார். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்களையும் தேடிப் போயிருக்கிறார், புண்ணியவதி.

பதினேழாவது தாளில் 'சௌந்திரம், பனமரத்துப்பட்டி' என்று இருந்தது.

என்ன குறை என்று கேட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் மட்டும்:

"எல்லாத்தையும் உள்ள உட முடியாதுங்கறது புரியுதுங்க. ஆனா உள்ள போயிப் பாத்தவங்க, வெளிய நிக்கறவங்களுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லோணுங்க. மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு. எனக்கு இன்ன வரைக்கும் ஒருத்தரும் சொல்லலீங்க."

இதைத் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அக்கா என்னிடம் மன்னிப்பை எதிர்பார்க்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் போய்ச் சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

முதல் பஸ் பிடித்துப் பனமரத்துப்பட்டி போனேன். அக்கா தோட்டத்தில் அரளி பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நானும் பக்கத்துச் சாலில், அடுத்த வரிசைச் செடிகளில், நின்று பறிக்க ஆரம்பித்தேன்.

"மொட்டாப் பறி. விரிஞ்சது மார்க்கெட்டுல போவாது" என்றாள்.

மூன்றே முக்கால் வருடம் கழித்து இதுதான் முதல் பேச்சு. ஒரு சால் முடிகிற வரை பறித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடினதை, மூடிவிட்டதை, எல்லாவற்றையும்.

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். மடியிலிருந்த மொட்டுகளைக் கூடையில் கொட்டினாள்.

"நீ பாத்தீன்னுதான் பிரபா நான் இத்தன நாளு இருந்தேன். உன்ற மேல கோவந்தான். ஆனா எனக்குக் குடுத்து வெக்கலைன்னாலும் சின்னவளாவது பாத்தாளேன்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்லீன்னு சொல்றியே."

மச்சான் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சாப்பிட்டுப் போ என்று அக்கா சொல்லவில்லை. பத்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

19 பிப்ரவரி

சொல்லாமலே இருந்திருக்கலாமோ. அவளிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

22 பிப்ரவரி

போன் வரவில்லை. கண்ணாடி எதற்கு என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

24 பிப்ரவரி, திங்கள்

என் பகுதியை முடித்துக் கொடுத்தேன். பட்டியல் எழுதும்போது முறை பார்க்கக் கூடாது. பெற்ற பிள்ளைகள், மகனோ மகளோ, கட்டிக்கொடுத்திருந்தாலும் முதலில். பெயர் எழுதுகிறவர் அந்த வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. உள்ளே பார்த்தவர்களில் ஒருவர் வெளியே வந்து பார்க்காதவர்களிடம் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

முருகானந்தம் சார் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இத எந்தத் தலைப்புலீங்க போடறது? கிருமிநாசினிக்குக் கீழயா?"

"தனியா ஒரு தலைப்புப் போடுங்க சார்."

"என்னன்னு?"

தெரியவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்பிடியே இருக்கட்டும், நம்பர் மட்டும் போட்டுக்கலாம்" என்றார். நல்ல மனிதர்.

27 பிப்ரவரி, வியாழன்

கடையில் ஆள் இருக்கும்போது போன். அக்கா.

"அந்த இருவது பேருல, தலமாட்டுல யாரு நின்னாங்க?"

பட்டியல் எனக்கு மனப்பாடம்; நான் ஓடிப்போனபோது தலைமாட்டில் நின்றவரும் நினைவில் இருந்தார். "ரங்கன் சித்தப்பா" என்றேன்.

"ஊட்லதான இருக்கறாரு? ஞாயித்துக்கெழம வாரேன்" என்று வைத்துவிட்டாள். வாடிக்கையாளருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

2 மார்ச், ஞாயிறு

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் பையை வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள். சித்தப்பா வீட்டுக்கு நடந்தே போனோம்.

விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா டிவியை நிறுத்திவிட்டார். "ஏஞ் சாமி, இதக் கேக்கவா இத்தன வருசம்? பிரபா பாத்து உனக்குச் சொல்லியிருப்பான்னில்ல நான் இருந்தேன்" என்றார். அப்புறம் யோசித்து யோசித்துச் சொன்னார். முகத்தில் வேதனை இல்லையாம். நரைத்தாடி முளைத்திருந்ததாம். வலது கன்னத்தில் ஆக்சிஜன் முகமூடிக் கயிறு அழுத்தின தடம் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் யாரோ தலைக்குத் தண்ணீர் தொட்டு, வகிடு எடுத்துச் சீவி விட்டிருந்தார்களாம்.

"வகிடு எந்தப் பக்கம்?" என்று அக்கா கேட்டாள்.

"எடது பக்கம். எப்பவும் எடுக்கற மாதிரிதான்."

அக்கா என் கையைப் பிடித்தாள். அரளி பறித்துப் பறித்து உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. சித்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போயிற்று. சித்தப்பா முடித்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லுங்க சித்தப்பா" என்றாள் அக்கா. "பிரபா சரியாக் கேட்டிருக்க மாட்டா."