நைனா, உன் வண்டிக்குப் புதுச் சங்கிலி

ஒரு படத்தையும் முழுசாகப் பார்க்காமல், எல்லாப் படத்தையும் சுமந்து திரிந்த என் நைனாவுக்கு,

‘நீங்கள்’ என்று எழுதத்தான் முதலில் பார்த்தேன். படித்த பெண் அப்படித்தானே எழுத வேண்டும்? இரண்டு வரி எழுதிப் பார்த்தால், யாரோ எதிர்வீட்டுப் பெரியவருக்கு எழுதுவது போல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னை எப்போதும் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன்.

நேற்று உன் மோட்டார் சைக்கிள் மறுபடியும் தெருவில் இறங்கியது. ஓட்டியது ஏகாம்பரம் அண்ணன். சங்கிலி மாட்டியது நான்.

சினிமாக் கொட்டகை மேனேஜர் உன் வேலையை அண்ணனுக்கே கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். இன்றும் ஒரே படம்தான், இரண்டு கொட்டகைதான். மயிலாப்பூரில் ஒரு படச்சுருள் ஓடி முடிந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தியாகராய நகர் கொட்டகைக்குப் பறக்க வேண்டும். கொடுத்துவிட்டு அடுத்த சுருளுக்குத் திரும்பி வர வேண்டும். நேற்று மத்தியான ஆட்டத்துக்கு வண்டி வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தார். மெக்கானிக் ஷெட்டில் விட்டால் நாலு நாளாகுமாம். வண்டியோ, நீ போனதிலிருந்து சங்கிலி இல்லாமல் கோணிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சங்கிலியைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதே இல்லை, நைனா. போன ஐப்பசி மழையில், தேனாம்பேட்டையில் அது கழன்று பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றுவிட்டது. நீ நிற்கவில்லை. சங்கிலியின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை அண்ணன் தெருவெல்லாம் தேடினான். கிடைக்கவில்லை.

காலையில் சங்கிலி வாங்க அண்ணனோடு புதுப்பேட்டைக்கு நானும் போனேன். ஏன் போனேன்? அவன் அவசரக்காரன் என்பது உனக்குத் தெரியும். கடைக்கார பாய், பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த சங்கிலியை வண்டி அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்.

“மாட்றது வூட்லதானே? எதால மாட்டப் போற?” என்றார்.

“சுத்தி கீது பாய். கல்லு மேல வச்சு ஆணிய நாலு தட்டு தட்டினா ஒக்காந்துக்கும்,” என்றான் அண்ணன்.

“நாலாவது தட்டுல உன் வெரலு ஒக்காந்துக்கும். இத எடுத்துக்கினு போ.” அவர் பலகையில் வைத்தது ஒரு கனத்த இரும்புத் திருகு. சங்கிலியின் முனைகளைக் கோக்கும் ஆணியை இடுக்கில் வைத்துத் திருகினால் அதன் தலை நசுங்கி, சங்கிலி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளுமாம். “சீமைச் சாமான். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கழட்ட முடியாது.”

அண்ணன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்துவிட்டது. கழற்ற முடியாதது என்ற ஒரு சொல்லே அவனுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

“ஆணி சரியா நசுங்கிச்சான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தங்கச்சி இன்னாபா கேக்குது? காதுலயே வுழல.”

அண்ணன் என் கேள்வியை உரக்கத் திருப்பிச் சொன்னான். பாய் சிரித்தார். “அது பழகின கைக்குத் தெரியும்மா.”

“பழகாத கையா இருந்தா?”

“தெரியாது. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். ரோட்டுலதான் சொல்லும்.”

பலகையின் ஓரத்தில் கூர்மூக்குக் குறடு ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் ஓர் இணைப்புக் கண்ணி, கிளிப்போடு. நான் அதைக் காட்டினேன்.

“கஸ்தூரி, அதே கிளிப்பும்மா,” என்றான் அண்ணன்.

அதேதான். எனக்குத் தெரியாதா? ஆனால் நானும் அவனும் முதல்முறையாக மாட்டப்போகிறோம். தப்புச் செய்வோம். செய்த தப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும் சாமான் எனக்கு வேண்டாம். கிளிப் என்றால் தினமும் குனிந்து கண்ணால் பார்க்கலாம். சரியில்லை என்றால் குறட்டால் தள்ளிக் கழற்றி மறுபடியும் போடலாம். குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன், கீழே வைக்கவில்லை.

பாய் கிளிப்பைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் பிளந்து, சின்ன மீன் போல இருந்தது. “மூடின பக்கம் தலை, தொறந்த பக்கம் வாலு. செயினு போற பக்கம் தலை பாக்கணும். திருப்பிப் போட்டியோ, எதுனா தட்டி வாலு பிரிஞ்சிக்கும்.”

வீட்டில் அம்மா கிளிப்பைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“அந்த எழவு இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாதுடி. பி.ஏ. படிச்சு இதான் கத்துக்கினியா?”

“தினமும் நான் பாப்பேம்மா.”

“அந்த மனுசன் பாக்கலியா?”

நீ பார்த்தாயா, நைனா? அண்ணன் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். “மாட்டு. ஆனா அந்தக் கிளிப்பு மேலேயே பொட்டு வச்சுட்டுத்தான் வண்டி வெளிய போவணும்.”

அவளுக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. தரையில் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும் என்பதற்காகச் சங்கிலியின் முனைகளைக் கீழ்ப்பக்கமாக இழுத்து அங்கே சேர்த்தோம். அண்ணன் பிடித்துக்கொண்டான். நான் கண்ணியைச் செருகிக் குறட்டால் கிளிப்பைத் தள்ளினேன். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. மீனின் தலையை வண்டியின் முன்விளக்கு இருக்கும் பக்கம் பார்த்து வைத்தேன். வண்டி போகும் பக்கம் அதுதானே?

அம்மா பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் இறங்கும்போது அந்தச் சிவப்புப் பொட்டு பின்சக்கரத்தை நோக்கி நகர்ந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஏனோ மனசுக்குள் ஒன்று இடறியது. அதற்குள் வண்டி முக்குத் திரும்பிவிட்டது.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். ராட்டினத்தில் கயிற்றை இழுத்தேன். என் கைப்பக்கக் கயிறு கீழே வந்தது. வாளிப்பக்கக் கயிறு மேலே போனது. ஒரே கயிறுதான். கயிற்றை விட்டுவிட்டேன். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சங்கிலியும் அப்படித்தானே? மேல்பக்கம் முன்னால் போனால் கீழ்ப்பக்கம் பின்னால் போகும். நான் மீனைக் கீழ்ப்பக்கத்தில் வைத்து முன்னால் பார்க்க விட்டிருக்கிறேன். வண்டி ஓடினால் அது வால் முன்னாலும் தலை பின்னாலுமாகப் போகும்.

குறட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். மாட வீதியில் நான் ஓடி நீ பார்த்ததில்லை, நானே பார்த்ததில்லை. யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. மயிலாப்பூர்க் கொட்டகைக்குப் போனபோது அண்ணன் முதல் சுருளோடு கிளம்பிப் போயிருந்தான்.

காத்திருப்பதைத் தவிர என்ன செய்ய முடியும்? பக்கவாட்டுச் சந்தில் நின்றேன். உள்ளே பாட்டு, வெளியே ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் என் கழுத்து திரும்பியது. மேனேஜர் அடுத்த டப்பாவோடு வெளியே வந்து நின்றார். “இன்னாமா, உங்கண்ணன் எங்க? இந்நேரம் வந்துருக்கணுமே,” என்றார். அந்தச் சொல்லில் எனக்குத் தேனாம்பேட்டை தெரிந்தது. மழை இல்லாத பகலிலும் அந்த ரோடு நனைந்தே தெரிந்தது.

சத்தம் கேட்டது, நைனா. உன் வண்டிச் சத்தம்.

அண்ணன் காலை ஊன்றக்கூட இல்லை. டப்பாவுக்குக் கை நீட்டினான். நான் போய் முன்சக்கரத்துக்கு நேரே நின்றேன்.

“எறங்குண்ணா.”

“தள்ளு கஸ்தூரி, அங்க சுருளு முடியப் போவுது!”

“எறங்கு!”

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அவனுக்குத் தெரியாது. இறங்கிவிட்டான். ஸ்டாண்டு போடச் சொல்லி, ரோட்டில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினேன். பெட்டிக்கடையில் நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். “தோ பாரு, பொம்பள மெக்கானிக்குபா!” என்றான் ஒருவன். குங்குமம் எண்ணெயில் கரைந்து கருஞ்சிவப்பாக வந்து நின்றது. மீனின் வாலில் ஒரு பக்கம் ஆணியின் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருந்தது.

அண்ணனும் பார்த்தான். “தேனாம்பேட்டைல திரும்பறப்ப என்னமோ தட்டிக்கினே இருந்துச்சு,” என்றான் மெதுவாக. “புதுச் செயினு, பழகற சத்தம்னு நெனச்சேன்.”

“நடு ரோட்டுல இன்னாமா பண்ணிகினு கீற?” மேனேஜர் கத்தினார். “அங்க ஜனம் நாற்காலிய ஒடச்சிடும்!”

“ஒடைக்கட்டும் சார்,” என்றேன்.

கிளிப்பைக் குறட்டால் தள்ளி எடுத்தேன். நல்ல வேளை, வால் இன்னும் வளைந்துவிடவில்லை. கண்ணியை மேல்பக்கத்துக்கு உருட்டிக் கொண்டுவந்து, தலை விளக்கைப் பார்க்க வைத்துத் தள்ளினேன். ‘டிக்’. சக்கரத்தைச் சுற்றி அது கீழே போவதைப் பார்த்தேன். மேலே வருவதைப் பார்த்தேன். மறுபடியும் சுற்றிப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அந்தத் திருகை வாங்கியிருந்தால் நேற்று நான் எதைப் பார்த்திருப்பேன்? எதைக் கழற்றியிருப்பேன்?

தியாகராய நகரில் சுருள் வராமல் விளக்கைப் போட்டுவிட்டார்களாம், ஒரே விசிலாம். அண்ணன் இரண்டு மேனேஜர்களிடமும் திட்டு வாங்கினான். இன்றைக்கும் அவனைத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உன் கிளிப்பை நீயே மாட்டிக்கொண்டாய். அன்று உன் மீன் எந்தப் பக்கம் பார்த்தது? மழையில் அவசரமாய்க் கீழ்ப்பக்கம் மாட்டினாயா? அல்லது எல்லாம் சரியாக இருந்தும் கழன்றதா? அம்மா நேற்று என்னிடம் இதையே கேட்டாள். “தெரியலம்மா,” என்றேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, சீயக்காய் எடுத்துவரப் போனாள்.

வண்டிப் பக்கம் வந்தாலே, “படிக்கிற கை, கறை ஆவக்கூடாது கண்ணு,” என்று துரத்துவாயே. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகத்தடியில் கறுப்பு போகவில்லை. பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் இந்த நகத்தோடுதான் கரும்பலகையில் எழுதுவேன். எந்த வேலைக்குப் போனாலும், தினமும் காலையில் குனிந்து, சக்கரத்தைச் சுற்றி, அந்த மீனைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். யார் கத்தினாலும் சரி, நான் பார்க்காமல் அண்ணன் வாசல் தாண்ட மாட்டான். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கறை படிந்த கையோடு,
உன் கண்ணு,
கஸ்தூரி