கருப்பின் முதல் நகர்வு

மார்ச் 4

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காலை ஷிஃப்ட் முடித்து வந்தேன். மனைவி ஆய்வகத்துக்குக் கிளம்பியிருந்தாள். சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பலகை. ராஜாவுக்கு முன்னால் இருந்த வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறது. புது ஆட்டம்.

எங்களுடையது தலைகீழ் சதுரங்கம். வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். தன் காய்களை எல்லாம் முதலில் பறிகொடுப்பவருக்கே வெற்றி. ராஜாவுக்கும் தனி மரியாதை கிடையாது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்வுக்கு மேல் கூடாது. வென்றவர் ஒன்று கேட்கலாம், தோற்றவர் மறுக்கக் கூடாது. போன தடவை ஜெயித்து முதுகு சொறியும் குச்சி கேட்டேன்.

மார்ச் 5

காலையில் நான் செருப்பு மாட்டும்போது சொன்னாள். "வெளியூர் கிளைக்கு என்னைத் தலைமையாப் போட்டிருக்காங்க. ஏப்ரல் பதினொண்ணு சேரணும்."

"நல்லதுதானே" என்றேன். நான் இன்னும் நாலு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மார்ச் 6

வெள்ளை இப்படித் தொடங்கினால் கருப்புக்குக் கொண்டாட்டம். ராணி பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் போதும். அவளுடைய மந்திரி ஓடி வந்து வெட்டியே தீர வேண்டும். அப்புறம் வெட்டுக்கு மேல் வெட்டு, கருப்பு தன்னைக் காலி செய்துகொண்டே போகலாம். போன வருஷம் ஒரு ஞாயிறு முழுக்க இதை அவளுக்கு விளக்கினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஜெயித்தால் கேட்க வேண்டுமே. போகாதே என்றால் இருந்துவிடுவாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. நானும் வரேன் என்றால் — இந்த வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நான் என்ன செய்வேன்?

ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். யாரும் யாரையும் வெட்ட வேண்டியதில்லை.

மார்ச் 7

பலகை அப்படியே இருக்கிறது.

மார்ச் 8

நகர்த்திவிட்டாள். "இதுதான் உங்க ஆட்டமா?"

"பாதுகாப்பா ஆடறேன்."

"இந்த ஆட்டத்துல பாதுகாப்பு எதுக்குங்க?"

மார்ச் 19

மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவர்கிட்ட ஒரு வால்வைக் கொடுத்தா திறக்கவும் மாட்டார், மூடவும் மாட்டார். ஆறப் போடுவார்." சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 27

அவள் வாரி வழங்குகிறாள். இரண்டு யானையும் போயாச்சு. என் ராணி மட்டும் மூலையில் பத்திரமாக இருக்கிறாள். யாருக்காகவோ, தெரியவில்லை.

புது ஊரில் அவளுக்கு வீடு கிடைத்துவிட்டதாம். எத்தனை அறை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

தன்னிடம் மிஞ்சிய ஒரே காயான சிப்பாயை என் ராணிக்கு எதிரில் வைத்தாள். வெட்டினேன். தோற்றேன்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல கொண்டு விடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

"கேக்காமலே விடுவேனே."

"தெரியும்."

ஏப்ரல் 10

நடைமேடையில் சொன்னாள்: "நீங்க விளக்கினதை மறந்துபோய் அந்த முதல் நகர்வை ஆடினேன்னு நினைச்சீங்களா? ஜெயிச்சு ஒண்ணு கேக்கட்டுமேன்னு தட்டுல வச்சுக் கொடுத்தேன். அதையும் ஆறப் போட்டீங்க."

ரயில் போய்விட்டது. சே, என்ன மனுஷன் நான்! அழுகையாக வந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 11

டீ ஒரு டம்ளர் போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 17

ஃபோனில் செய்தி: "ராஜா சிப்பாய், ரெண்டு கட்டம்." அதே தொடக்கம்.

சட்டையைக்கூட மாற்றவில்லை. உடனே அடித்தேன்: "ராணி பக்கத்துக் குதிரை முன்னாடி சிப்பாய், ரெண்டு கட்டம்."

கூப்பிட்டாள். "மந்திரி வெட்டியாச்சு. வெட்டாம இருக்க முடியாதே." குரலில் சிரிப்பு. "ஆட்டம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. இப்பவே கேளுங்க."

கேட்டேன்.

ஏப்ரல் 25

பெட்டியில் முதலில் பலகையை வைத்தேன். உப்பு ஜாடி அங்கேயே வாங்கிவிட்டாளாம்.