யுத்த நிதிக் கச்சேரிக்கு எழுதிய அடி

மாசி 14, வியாழன்.

யுத்த நிதிக் கச்சேரியின் தொடக்கத்துக்காக நான் இயற்றிய பறை வாசிப்பு இன்று வீணாகிவிட்டது. மூன்று பறைகள் மட்டும். பாட்டில்லை, சுருதியில்லை, இரண்டே நிமிடம். ஞாயிறன்று கலெக்டர் முன்னால் வாசிக்க வேண்டியது.

கரையான்சாவடியிலிருந்து முனுசாமி தன் ஆட்கள் இருவரோடு வந்திருந்தான். நான் மேசையில் தட்டிக் காட்டினேன். மூன்றாவது அடியில் அவன் தயங்கிக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரம் திருத்தினேன், கான்வென்டில் மதர் எங்களைத் திருத்துவது போல, முகம் பாராமல்.

கடைசியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"பொணம் எடுக்கசொல்லோ அடிக்கிற அடிமா இது."

"முதலிலேயே சொல்வதற்கென்ன?"

"எங்க சொல்ல வுட்டீங்க? திட்டிகினே இருந்தீங்க."

பின்னாலிருந்த ஒருவன் சிரித்தான். முனுசாமி சிரிக்கவில்லை.

"எம் புள்ள பர்மா சண்டையில கீறான்மா. கடுதாசி வந்து நாலு மாசம் ஆவுது. இத்த நான் எப்டி அடிப்பேன்?"

நானாக இயற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவரைப் பாடையில் தூக்கிச் சென்ற அன்று நான் மற்றப் பெண்களோடு வாசலில் நின்றுவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை பறை கேட்டது. பதினோரு வருடமாக அது என் விரல்களில் இருந்திருக்கிறது.

"நாளை வேறு தருகிறேன்" என்றேன். மன்னிப்பு வாயில் வரவில்லை. அவர்கள் பறைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள்.

புதிதாக எழுத உட்கார்ந்தேன். எதைத் தொடங்கினாலும் அதே நடைக்குத் திரும்புகிறது.

அந்தப் பிள்ளையின் பெயரையாவது கேட்டிருக்கலாம்.